ஏழு கோடியே முப்பது லட்சத்தில் ஒன்று

இங்கிலாந்தின் செஸ்டர் நகர நீதிமன்றம் 1999 நவம்பரில் சாலி கிளார்க் என்ற பெண்ணுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அவரே ஒரு வழக்கறிஞர். அவருடைய முதல் குழந்தை 1996 டிசம்பரில், பிறந்து 11 வாரத்தில் இறந்தது. இரண்டாவது குழந்தை 1998 ஜனவரியில், 8 வாரத்தில் இறந்தது. பெற்றவளே இரண்டு பிள்ளைகளையும் கொன்றுவிட்டாள் என்பது அரசுத் தரப்பின் வழக்கு. உடற்கூறாய்வு முடிவுகள் குழப்பமாக இருந்தன. முதல் குழந்தை சுவாசத் தொற்றால் இறந்ததாக எழுதிய மருத்துவரே, இரண்டாவது சாவுக்குப் பிறகு தன் முடிவை மாற்றிக்கொண்டார். இந்தக் குழப்பத்தின் நடுவே ஓர் எண் மட்டும் தெளிவாக நின்றது.

குழந்தை மருத்துவத்தில் பெரும்பெயர் பெற்ற பேராசிரியர் ராய் மெடோ அந்த எண்ணைச் சாட்சிக் கூண்டிலிருந்து சொன்னார். வசதியான, புகைபிடிக்காத ஒரு குடும்பத்தில் ஒரு குழந்தை காரணம் தெரியாமல் தூக்கத்தில் இறந்துபோவதற்கான வாய்ப்பு 8,543இல் ஒன்று என ஓர் ஆய்வு மதிப்பிட்டிருந்தது. ஒரே வீட்டில் இரண்டு குழந்தைகள் என்றால்? 8,543ஐ அதே எண்ணால் பெருக்கினால் ஏழு கோடியே முப்பது லட்சத்தை ஒட்டி வரும். கிராண்ட் நேஷனல் குதிரைப் பந்தயத்தில் எண்பதுக்கு ஒன்று என்று யாரும் நம்பாத குதிரைமேல் பணம் கட்டி, நான்கு வருடம் தொடர்ந்து ஜெயிப்பதைப் போன்றது இது என்று ஜூரிக்கு விளக்கமும் தந்தார். அந்த விளக்கத்தைக் கேட்ட பிறகு இயற்கைச் சாவு என்று எவர் நம்புவார்? பன்னிரண்டு பேரில் பத்துப் பேர் குற்றவாளி என்றார்கள்.

அந்தப் பெருக்கலை நிதானமாகப் பார்க்க வேண்டும். இரண்டு நிகழ்ச்சிகளுக்குள் தொடர்பே இல்லாதபோதுதான் அவற்றின் வாய்ப்புகளைப் பெருக்கலாம். ஒரே தாய்தந்தைக்குப் பிறந்து, ஒரே வீட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அது பொருந்தாது. முதல் சாவுக்குப் பரம்பரைக் காரணம் ஏதேனும் இருந்திருந்தால் அடுத்த பிள்ளைக்கும் அதே ஆபத்து கூடுதலாகவே இருக்கும். இது முதல் பிழை. இரண்டாவது பிழை இன்னும் ஆழத்தில் இருக்கிறது. எண் சரியே என்று வைத்துக்கொண்டாலும், ஒரு குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் இயற்கையாக இறப்பது எவ்வளவு அரிது என்பதைத்தான் அது சொல்கிறது. இந்தத் தாய் குற்றமற்றவளாக இருப்பதற்கான வாய்ப்பு எவ்வளவு என்பதை அது சொல்லவில்லை. குழந்தைகள் ஏற்கெனவே இறந்துவிட்டன. இனி எடைபோட வேண்டியது இரண்டு அரிய விளக்கங்களில் எது அதிகம் நடக்கக்கூடியது என்பதை. ஒரு தாய் தன் இரு குழந்தைகளையும் அடுத்தடுத்துக் கொல்வதும் அரிதினும் அரிது. சால்ஃபோர்ட் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் ரே ஹில் இரண்டையும் பின்னர் ஒப்பிட்டுக் கணக்கிட்டார். இயற்கைச் சாவுப் பக்கமே தராசு தாழ்ந்தது.

2000 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் புள்ளிவிவரத்தில் குறை இருப்பதை ஒப்புக்கொண்டது, ஆனாலும் தண்டனையை உறுதிசெய்தது. 2001 அக்டோபரில் அரச புள்ளியியல் கழகம் தானாக முன்வந்து, அந்த எண்ணுக்குப் புள்ளியியலில் அடிப்படை இல்லை என்று வெளிப்படையாக அறிவித்தது. விடுதலை கிடைத்தது 2003 ஜனவரியில். அதற்கும் முதன்மைக் காரணம் வேறு. இரண்டாவது குழந்தையின் உடலில் கிருமித் தொற்று இருந்ததைக் காட்டிய ஆய்வக முடிவு எதிர்த்தரப்புக்குக் காட்டப்படாமலே இருந்தது வெளிவந்திருந்தது. சிறையிலிருந்து மீண்ட சாலி கிளார்க் 2007இல் இறந்தார். அவருக்கு வயது 42.

அந்த நீதிமன்ற அறையில் இருந்தவர்கள் எல்லாரும் தத்தம் தொழிலில் தேர்ந்தவர்கள் என்பதுதான் என்னை இந்த வழக்கிலிருந்து நகரவிடாமல் வைத்திருக்கிறது. மெடோ பொய் சொல்லவில்லை, தான் நம்பியதைச் சொன்னார். மருத்துவ மன்றம் 2005இல் அவர் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கினாலும், மறு ஆண்டே உயர் நீதிமன்றம் அந்த நீக்கத்தை ரத்து செய்தது. மருத்துவமனையில் அவர் யோசித்த விதம் சரியானதே. ஒரே வீட்டில் இரண்டு குழந்தைகள் காரணமின்றி இறந்தால் மருத்துவர் சந்தேகப்பட வேண்டும், சந்தேகப்படாத மருத்துவர் கடமை தவறியவர். ஆனால் மருத்துவமனையில் சந்தேகம் என்பது தொடக்கம். அடுத்த பரிசோதனைக்கு எழுதிக் கொடுப்பார்கள், இன்னொருவரைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்வார்கள், தவறென்றால் மறுநாள் மருந்தை மாற்றுவார்கள். அதே சந்தேகம் நீதிமன்றப் படியேறியதும் முடிவாக உறைந்துவிட்டது. வழக்கறிஞர்களுக்குச் சாட்சியைத் தடுமாற வைக்கத் தெரியும், எண்ணைத் தடுமாற வைக்க யாரும் அவர்களுக்குக் கற்றுத்தரவில்லை. புள்ளிவிவரத்தை மட்டும் வைத்துத் தண்டிக்கக் கூடாது என்று நீதிபதி ஜூரியை எச்சரித்தார். அந்த எண் எங்கே உடைகிறது என்று சொல்ல அவராலும் முடியவில்லை. சொல்லக்கூடிய புள்ளியியலாளர் ஒருவரையும் விசாரணைக்கு அழைக்கவில்லை.

நெதர்லாந்திலும் இதே காலத்தில் இதே போன்று நடந்தது. லூசியா டி பெர்க் என்ற செவிலியின் பணிநேரத்தில் நோயாளிகள் பலர் இறந்தது தற்செயலாக இருக்க 34 கோடியில் ஒன்றுதான் வாய்ப்பு என்று ஒரு கணக்கு நீதிமன்றத்தில் வைக்கப்பட்டது. 2003இல் அவருக்கு ஆயுள் தண்டனை. அதை உடைக்கப் பாடுபட்டவர்களில் ஒருவர் டான் டெர்க்சன், அறிவியல் தத்துவப் பேராசிரியர். இன்னொருவர் அவருடைய சகோதரி மெட்டா டி நோ, மருத்துவர். ரிச்சர்ட் கில் போன்ற புள்ளியியலாளர்கள் பின்னர் சேர்ந்துகொண்டார்கள். 2010 ஏப்ரலில் லூசியா குற்றமற்றவர் என்று தீர்ப்பானது. ஒரு தத்துவப் பேராசிரியர், ஒரு மருத்துவர், ஒரு புள்ளியியலாளர் ஆகியோர் ஒரு மேசையில் உட்கார்ந்து, ஒருவர் சொல்வதை மற்றவர் கேள்வி கேட்டுப் புரிந்துகொள்ள இத்தனை வருடம் பிடித்தது. அந்த வருடங்களில் பெரும்பகுதி ஒரு பெண் சிறையில் இருந்தார், அங்கேயே பக்கவாதத்தாலும் விழுந்தார்.

தத்துவவாதி ஸ்டீவன் டூல்மின் இந்த இடத்தைத்தான் 1958இல் தொட்டார். போர்க்காலத்தில் ரேடார் ஆராய்ச்சியில் வேலை பார்த்து, பிறகு கேம்பிரிட்ஜில் விட்கென்ஸ்டைனிடம் பாடம் கேட்டவர் அவர். ‘தி யூசஸ் ஆஃப் ஆர்கியூமென்ட்’ என்ற அவருடைய நூலைப் பிரிட்டிஷ் தத்துவவாதிகள் அன்று பொருட்படுத்தவில்லை. அமெரிக்காவில் பேச்சும் விவாதமும் கற்பித்த துறையினர்தான் அதைக் கையில் எடுத்தார்கள். அவர் சொன்னது எளிது. ஒருவர் பெர்முடாவில் பிறந்தார் என்பது தகவல். ஆகவே அவர் பிரிட்டிஷ் குடிமகனாக இருப்பார் என்பது முடிவு. நடுவில், பெர்முடாவில் பிறந்தவர் பொதுவாகப் பிரிட்டிஷ் குடிமகன் என்ற விதி வாய்திறக்காமல் நிற்கிறது. அந்த விதிக்குப் பின்னால் ஒரு சட்டம் நிற்கிறது. அவர் பிற்பாடு வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியிருந்தால் முடிவு கவிழும். தகவல், முடிவு, நடுவில் நிற்கும் விதி, விதியைத் தாங்கும் ஆதாரம், கவிழ்க்கக்கூடிய விதிவிலக்கு. இந்த எலும்புக்கூடு எல்லாத் துறைக்கும் பொது. விதியைத் தாங்கும் ஆதாரம் மட்டும் துறைக்குத் துறை மாறும். வழக்கறிஞருக்குச் சட்டமும் முன்தீர்ப்பும், மருத்துவருக்குப் பல நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்த பதிவுகள், வடிவியலுக்கு எடுகோள்கள். சொல்லிவைத்தாற்போல் அதே 1958இல் பிரஸ்ஸல்ஸில் இருந்த சாயிம் பெரல்மானும் லூசி ஓல்பிரெக்ட்ஸ்-டைடெக்காவும் வாதத்தைப் பற்றிய தங்கள் பெருநூலை பிரெஞ்சில் வெளியிட்டார்கள். நீதியைப் பற்றிய கேள்விகளுக்குக் குறியீட்டுத் தருக்கத்தால் பதில் சொல்ல முடியவில்லை என்ற தவிப்பிலிருந்து பிறந்த நூல் அது.

எவ்வளவு உறுதி இருந்தால் போதும் என்பதிலும் துறைகள் ஒத்துப்போவதில்லை. ஹிக்ஸ் துகளைக் கண்டதாக 2012இல் அறிவிப்பதற்கு முன், வெறும் தற்செயலால் அப்படியொரு அடையாளம் தெரிய 35 லட்சத்தில் ஒன்று அளவுக்கே வாய்ப்பு என்ற நிலைவரை இயற்பியலாளர்கள் காத்திருந்தார்கள். மருத்துவ ஆய்வுகளில் பெரும்பாலும் இருபதில் ஒன்றே போதும் என்பது வழக்கம். சிவில் வழக்கில் எந்தப் பக்கம் கூடுதல் வாய்ப்பு என்று பார்த்தால் போதும், குற்றவியல் வழக்கில் நியாயமான ஐயம் எஞ்சக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் காரணம் இருக்கிறது. மருந்துக்காகக் காத்திருப்பவர் 35 லட்சத்தில் ஒன்று வரை காத்திருக்க முடியாது. தூக்குக்குப் போகிறவரை இருபதில் ஒன்று என்று அனுப்ப முடியாது. பிள்ளைகளுக்கு முதலில் சொல்லித்தர வேண்டியது இந்தக் காரணங்களை. நாம் சொல்லித்தருவது முடிவுகளை.

கணக்கு வகுப்பைப் பார்ப்போம். உலகத்திலேயே கறாரான வாதம் நடக்கும் இடம் அது. பத்தாம் வகுப்பில் ‘தேல்ஸ் தேற்றத்தை எழுதி நிறுவுக’ என்று கேட்கிறார்கள். பிள்ளைகள் நிறுவலை மனப்பாடம் செய்துவைத்திருக்கிறார்கள். படத்துக்கு ஒரு மதிப்பெண், தரவுக்கு ஒன்று, அமைப்புக்கு ஒன்று என்று ஸ்டெப் மார்க் பிரித்துத் தரப்படுவதால், நடுவில் ஒரு வரி விட்டுப்போனாலும் பெரிய நஷ்டம் வராது. முக்கோணத்தின் பெயரை ஏபிசியிலிருந்து பிக்யூஆர் என்று மாற்றிக் கொடுத்தால் கை தடுமாறும் பிள்ளைகளை எந்தக் கணக்கு ஆசிரியரைக் கேட்டாலும் சொல்வார். இணைகோடு எதற்கு வரையப்பட்டது, அது இல்லாவிட்டால் வாதம் எங்கே அறுந்துபோகும் என்று கேட்பதற்கு வினாத்தாளில் இடமில்லை.

இதே மண்ணில்தான் ராமானுஜனும் படித்தார். கும்பகோணத்தில் பள்ளி மாணவராக அவர் கையில் கிடைத்த ஜி.எஸ். காரின் தொகுப்பு, ஏறத்தாழ 5,000 முடிவுகளை வரிசையாக அடுக்கியது. நிறுவல்கள் அதில் குறைவு, இருப்பவையும் ஓரிரு வரிக் குறிப்புகள். ராமானுஜனின் நோட்டுப் புத்தகங்களும் அதே அச்சில் அமைந்தன. 1913 ஜனவரியில் அவர் கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்திலும் முடிவுகள் அணிவகுத்தன, நிறுவல் இல்லை. அவற்றில் பலவற்றைக் கண்டு ஹார்டி திகைத்தார். பகா எண்களைப் பற்றிய சில கூற்றுகள் மட்டும் பிழையாக இருந்தன. அந்தத் துறையில் உள்ளுணர்வு எவ்வளவு பெரியவரையும் ஏமாற்றும், அதற்கு நிறுவலைத் தவிர வேறு காப்பு இல்லை. ஹார்டி அவருக்குச் சொல்லித்தர முயன்றது புதிய முடிவுகளை அன்று. கேம்பிரிட்ஜ் எதை நிறுவல் என்று ஏற்கும் என்பதை. மேதை தன் முடிவுகளோடு தனியாக வாழ்ந்துவிட முடியும். மற்ற எல்லாருக்கும் வழி தெரிய வேண்டும், இல்லையென்றால் முடிவு சரியா என்று பார்க்க வேறு யாரையோ நம்பித்தான் இருக்க வேண்டும்.

வரலாற்று வகுப்பு இன்னும் வருத்தம் தருகிறது. 1991இல் சாம் வைன்பர்க் அமெரிக்காவில் ஒரு சிறிய சோதனை செய்தார். 1775இன் லெக்சிங்டன் மோதலைப் பற்றிய பழைய ஆவணங்களை எட்டு வரலாற்றாசிரியர்களிடமும், நன்றாகப் படிக்கும் எட்டுப் பள்ளி மாணவர்களிடமும் கொடுத்து, வாய்விட்டு யோசித்தபடி வாசிக்கச் சொன்னார். வரலாற்றாசிரியர்கள் முதலில் தாளின் அடியைப் பார்த்தார்கள். யார் எழுதியது, எப்போது, யாருக்காக? அதற்குப் பிறகுதான் மேலே போனார்கள். மாணவர்கள் முதல் வரியில் தொடங்கிக் கடைசி வரியில் முடித்தார்கள். ஆவணங்களுக்கு இடையே பாடப்புத்தகப் பகுதி ஒன்றும் வைக்கப்பட்டிருந்தது. மாணவர்கள் அதைத்தான் நம்பகமானது என்றார்கள், வரலாற்றாசிரியர்கள் அதை அடிவரிசையில் வைத்தார்கள். அந்த வரலாற்றாசிரியர்களில் சிலருக்கு அமெரிக்க வரலாறு தனித்துறைகூட இல்லை. தகவல் குறைவாகத் தெரிந்தபோதும் கேட்க வேண்டிய கேள்வி அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அதே ஆண்டு டியானா கூன் தன் ஆய்வை நூலாக வெளியிட்டார். சிறையிலிருந்து வெளியே வந்தவர்கள் ஏன் மறுபடி குற்றம் செய்கிறார்கள், பிள்ளைகள் ஏன் பள்ளியில் தோற்கிறார்கள், வேலையின்மைக்கு என்ன காரணம் என்று பதின்வயதினர் முதல் அறுபதைத் தாண்டியவர்கள் வரை 160 பேரிடம் கேட்டார். எல்லாரிடமும் பதில் இருந்தது. இது சரியென்று எப்படித் தெரியும், இதை மறுப்பவர் என்ன சொல்வார், எதைக் காட்டினால் உங்கள் கருத்தை மாற்றிக்கொள்வீர்கள் என்று தொடர்ந்து கேட்டபோது பலர் நின்றுவிட்டார்கள். ஆதாரம் கேட்டால், நடந்தது இப்படித்தான் என்று அதே கதையை விரித்துச் சொன்னார்கள். இந்த மூன்று கேள்விகளையும் நம் வீட்டுத் திண்ணையிலோ ஆசிரியர் அறையிலோ கேட்டுப் பார்த்தால் வேறு விதமாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இத்தனைக்கும் இந்த வித்தை நமக்கு அந்நியமானதன்று. ஒரு நூலை எப்படிக் கட்டுவது, எதிர்க்கருத்தை எங்கே வைப்பது, ஒன்றைச் சொல்லி மற்றொன்றை எப்படிப் பெறவைப்பது என்பதற்கான உத்திகள் முப்பத்திரண்டைத் தொல்காப்பியத்தின் மரபியல் சொல்கிறது. அர்த்தசாஸ்திரத்தின் கடைசிப் பகுதியும் முப்பத்திரண்டு உத்திகளைத் தருகிறது. சுசுருதரின் மருத்துவ நூலும் முப்பத்திரண்டு தருகிறது, சரகர் முப்பத்தாறு. பட்டியல்கள் ஒன்றுக்கொன்று முழுக்கப் பொருந்தவில்லை, ஆனால் குடும்பச் சாயல் தெளிவாகத் தெரிகிறது. இலக்கணம், அரசியல், மருத்துவம் என்று எட்டி எட்டி நிற்கும் மூன்று துறைகளும் தங்கள் மாணவர்களுக்கு ஒரே வகைக் கருவிப் பெட்டியைக் கொடுத்திருக்கின்றன. சரகர் இன்னும் ஒரு படி போகிறார். மருத்துவர் மருத்துவரோடு உரையாட வேண்டும் என்று சொல்லி, இணக்கமாகப் பேசுவது, பகைத்துப் பேசுவது என இரண்டாகப் பிரிக்கிறார். கோபப்படாதவரோடும் விஷயம் அறிந்தவரோடும் முதல் வகையில் பேசு, தோற்றுவிடுவோமோ என்ற அச்சமின்றிக் கேள், அவரும் அச்சமின்றிக் கேட்கட்டும் என்கிறார். நோயாளியின் உயிர் பணயத்தில் இருக்கும் துறையிலிருந்து வந்த அறிவுரை இது.

மணிமேகலையைக் காப்பியமாகப் படிப்பவர்கள் இருபத்தேழாம் காதையையும் இருபத்தொன்பதாம் காதையையும் வறண்டவை என்று தாண்டிப்போவதுண்டு. எனக்கு அந்த நூலில் மிகவும் பிடித்த இடங்கள் அவை. வஞ்சியில் சமயவாதிகள் ஒவ்வொருவரிடமும் போய் மணிமேகலை கேட்கிறாள். அவர்களில் முதலாமவன் அளவைவாதி. எதை நம்புவது என்ற பேச்சு தொடங்கும் முன், ஒன்றை அறிவதற்கு என்னென்ன வழிகள் உண்டு என்பது அவன் வாயால் சொல்லப்பட்டுவிடுகிறது. பிறகு காஞ்சியில் அறவண அடிகள். அறத்தைக் கேட்க வந்தவளுக்கு அவர் உடனே அறத்தைச் சொல்லிவிடவில்லை. காட்சி, அனுமானம், ஒரு கூற்றின் உறுப்புகள், கூற்றில் என்ன கோளாறு வரும், காரணத்தில் என்ன கோளாறு வரும், எடுத்துக்காட்டில் என்ன கோளாறு வரும் என்று வகைவகையாகச் சொல்கிறார். நான் சொல்லப்போவதைச் சோதித்துப் பார்க்கும் கருவியை முதலில் பிடித்துக்கொள் என்று ஓர் ஆசிரியர் மாணவிக்குத் தருவதாகவே நான் அதை வாசிக்கிறேன். சிவஞான சித்தியாரும் பரபக்கத்தில் மாற்றார் கொள்கைகளை எடுத்துவைத்து மறுத்த பிறகே சுபக்கத்துக்கு வருகிறது. தொல்காப்பியத்தின் உரையாசிரியர்களும் அப்படித்தான். சேனாவரையர் இளம்பூரணரை மறுக்கும் இடங்களில் மறுக்கப்படும் கருத்து என்னவென்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. ஆனால் தமிழ் எம்.ஏ. தேர்வில் சேனாவரையர் கருத்து யாது என்று கேட்கிறோம். இளம்பூரணரை அவர் மறுத்தது சரியா, உன் காரணம் என்ன என்று கேட்பது அபூர்வம்.

வாதம் என்றதும் இன்று நமக்கு நினைவுக்கு வருவது பட்டிமன்றம். ஊர்த் திருவிழாவில் நள்ளிரவு வரை ஆயிரம் பேரை உட்கார்ந்து கேட்கவைக்கும் கலையை நான் குறைத்துப் பேசமாட்டேன். மொழியின் மேல் காதல் வரப் பலருக்கு அதுவே வாசல். ஆனால் பள்ளிகளில் வாதத்துக்கான பயிற்சியாக அது ஒன்றே மிஞ்சியிருப்பது சரியில்லை. அணி முதலிலேயே பிரித்துத் தரப்படுகிறது. எதிரணி சொன்னதில் நியாயம் இருக்கிறது, நான் மாறிவிட்டேன் என்று மேடையில் சொல்ல ஒரு பிள்ளைக்கு வழியில்லை. மணிமேகலையின் முதல் காதையிலேயே பட்டிமண்டபம் வருகிறது. விழா அறிவிக்கும் முரசறைவோன் வாதம் செய்வோரை அங்கே ஏறச் சொல்கிறான், அதே மூச்சில், ஒவ்வாதவரோடும் சினமும் சண்டையும் வேண்டாம் என்றும் சொல்கிறான்.

மீண்டும் நீதிமன்றத்துக்கு வருவோம். கேரளத்தில் கொல்லம் அமர்வு நீதிமன்றம் 2021 அக்டோபரில் ஒரு கொலை வழக்கில் தீர்ப்பளித்தது. ஓர் இளம்பெண்ணை 2020 மார்ச்சில் விரியன் கடித்தது. அதற்குச் சிகிச்சை பெற்றுவந்த நிலையில், மே மாதம் தூக்கத்தில் நாகம் கடித்து இறந்தார். இரண்டு மாத இடைவெளியில் ஒரே பெண்ணுக்கு இரண்டு பாம்புக்கடி. மிக அரிது, ஆகவே கொலை என்று அங்கேயும் யாராவது ஒரு பெருக்கலைப் போட்டுக் காட்டியிருக்கலாம். குடும்பத்தாருக்குச் சந்தேகம் வந்தது அந்த அரிதான தற்செயலால்தான். ஆனால் விசாரணை அங்கே நிற்கவில்லை. பாம்பைத் தோண்டியெடுத்து அதற்கும் உடற்கூறாய்வு செய்தார்கள். பாம்பறிந்தவர்கள் நாகத்தின் இயல்பைச் சொன்னார்கள். அந்த அறைக்குள் அது தானாக வந்திருக்குமா, தூங்குகிற ஆளைக் காரணமின்றி இரண்டு முறை கடிக்குமா என்று ஆராய்ந்தார்கள். ஒரு பொம்மையைக் கட்டிலில் கிடத்தி, அதன் கையில் கோழி இறைச்சியைக் கட்டி, உயிருள்ள நாகத்தை விட்டுப் பார்த்தார்கள். தானாகக் கடித்தால் பற்குறிகளுக்கு இடையே ஓர் அளவு, தலையைப் பிடித்து அழுத்திக் கடிக்கவைத்தால் அதைவிட அகலம். பெண்ணின் உடலில் இருந்தது அகலமான குறி. இதோடு பாம்பை விற்றவரின் வாக்குமூலமும் சேர்ந்தது. வனத்துறை, மருத்துவம், விலங்கியல், சட்டம் ஆகிய ஒவ்வொன்றும் தன் முறைப்படி தந்த சான்றை மற்றவர்கள் கேள்வி கேட்டு வாங்கிக்கொண்டார்கள். குற்றம் சாட்டப்பட்டிருந்த கணவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. செஸ்டரில் தொடங்கிய அதே வகைச் சந்தேகத்தில்தான் இதுவும் தொடங்கியது, ஆனால் இங்கே சந்தேகம் அடுத்த பரிசோதனைக்குப் போனது.

வெவ்வேறு துறையினர் சேர்ந்து யோசிக்க முடியுமா என்ற சந்தேகத்துக்கும் டூல்மினிடமே ஒரு பதில் இருக்கிறது. டஸ்கிகியில் கறுப்பின நோயாளிகளுக்குச் சிகிச்சை தராமல் பல பத்தாண்டுகள் வேடிக்கை பார்த்த ஆய்வு 1972இல் அம்பலமான பின், மனிதர்கள்மேல் நடத்தும் ஆராய்ச்சிக்கு நெறிமுறை வகுக்க அமெரிக்கா ஓர் ஆணையம் அமைத்தது. பதினொரு பேர்: மருத்துவர்கள், வழக்கறிஞர்கள், அறவியலாளர்கள், இன்னும் பல துறையினர். டூல்மின் அதில் பணியாற்றினார். ஒவ்வொரு குறிப்பிட்ட வழக்கையும் எடுத்துப் பேசியபோது அவர்கள் பெரும்பாலும் ஒரே முடிவுக்கு வந்தார்கள். ஏன் அந்த முடிவு என்று கேட்டால் ஆளுக்கொரு கொள்கையைச் சொன்னார்கள். இதைக் கண்ட அனுபவத்திலிருந்தே அவர் ஆல்பர்ட் ஜான்சனோடு சேர்ந்து 1988இல் ஒரு நூல் எழுதினார். கொள்கையிலிருந்து கீழே இறங்குவதைவிட, ஒரு வழக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவது துறைகளை அருகே கொண்டுவரும் என்பது அதன் சாரம். வகுப்பறைக்கும் இது பொருந்தும். ‘வாதத் திறன்’ என்று தனியாக ஒரு பாடம் வைத்தால் அதற்கும் ஒரு கைடு வந்துவிடும், முப்பத்திரண்டு உத்திகளும் இரண்டு மதிப்பெண் வினாவாகும். பிள்ளைகள் ஒரு வழக்கை எடுத்துக்கொண்டு கணக்கு ஆசிரியரிடமும் அறிவியல் ஆசிரியரிடமும் வரலாற்று ஆசிரியரிடமும் போகட்டும்.

மருத்துவக் கல்லூரியில் இதற்கு ஏற்கெனவே இடமிருக்கிறது. சட்டம் சார்ந்த மருத்துவம் எம்.பி.பி.எஸ். படிப்பில் ஒரு கட்டாயப் பாடம். நிபுணர் கருத்தைப் பற்றிய பழைய சாட்சியச் சட்டத்தின் 45ஆம் பிரிவு, இப்போது பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 39ஆம் பிரிவு, சட்ட மாணவர் படிப்பது. புள்ளியியல் மாணவர் வாய்ப்பியல் படிக்கிறார். சென்னை மருத்துவக் கல்லூரியிலிருந்து உயர் நீதிமன்ற வளாகத்துக்கு நடந்தே போய்விடலாம். ஒரு பருவத்தில் ஒரு வாரம் மூவரையும் ஒரே அறையில் உட்காரவைத்து, மருத்துவ மாணவரைக் கூண்டில் ஏற்றி, சட்ட மாணவரைக் குறுக்கு விசாரணை செய்யச் சொல்லி, புள்ளியியல் மாணவரை இருவருக்கும் துணையாக வைத்தால் யாருடைய பாடத்திட்டமும் பாழாகாது.

போர்ஷன் முடிக்கவே நேரமில்லை என்று பள்ளி ஆசிரியர்கள் சொல்வது பொய்யில்லை. நூற்றுக்கு நூறு தேர்ச்சி கேட்டுத் தலைமையாசிரியரும், அவரைக் கேட்டு மேலதிகாரியும் நிற்கும்போது, ஏன் என்று கேட்கும் பிள்ளையைக் கையமர்த்துவது அவர்கள் விருப்பத்தால் நடப்பதன்று. அதனால் நான் ஆசிரியர்களிடம் கேட்பதைவிட, ஆசிரியர்களை உருவாக்கும் இடத்தில் கேட்கிறேன். பி.எட். கல்லூரியில் கணக்கு படித்தவர் கணக்கு கற்பித்தலையும், வரலாறு படித்தவர் வரலாறு கற்பித்தலையும் தனித்தனி அறையில் படிக்கிறார்கள். மாதிரி வகுப்பு எடுக்கும் நாளில் அறையை மாற்றி உட்காரவைக்கலாம். தேல்ஸ் தேற்றத்தை நிறுவும் கணக்கு மாணவரிடம் பின்வரிசையிலிருந்து வரலாற்று மாணவி எழுந்து, இந்த இணைகோட்டை வரையலாம் என்று உங்களுக்கு யார் அனுமதி கொடுத்தது என்று கேட்கட்டும். மறுநாள் அந்த மாணவி இந்தக் கல்வெட்டு பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று சொல்லும்போது, அது எப்படித் தெரியும், எதைக் காட்டினால் நீங்கள் மாற்றிக்கொள்வீர்கள் என்று கணக்கு மாணவர் கேட்கட்டும். இருவரும் திணறுவார்கள். வகுப்பு முடிந்து நூலகத்துக்குப் போக வேண்டியிருக்கும். மதிப்பெண் போட வேண்டிய பேராசிரியர், அவர்கள் சொன்ன பதிலுக்கும் ஒன்று, கேட்ட கேள்விக்கும் ஒன்று என்று தாளில் இரண்டு கட்டம் போட்டுக்கொள்ளலாம்.